மணிக்கட்டில் ஒரு மருத்துவரா?

 

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் பிள்ளைகள் பெட்டியைத் திறந்தால், ஒரு காலத்தில் டாங் பொடியும் கோடாலித் தைலமும் அத்தர் குப்பிகளும் வெளிவரும். அவற்றிற்கு அடியில், வீட்டுப் பெரியவருக்கென ஒரு கைக்கடிகாரம் பட்டுத் துணியில் பொதிந்து வைக்கப்பட்டிருக்கும். அது மணி காட்டும். அதற்கு மேல் எவரும் அதனிடம் எதனையும் எதிர்பார்த்ததில்லை. இன்று அந்தப் பெட்டியிலிருந்து வெளிவருவது ஸ்மார்ட் வாட்ச். அது மணியும் காட்டுகிறது. நடந்த அடிகளை எண்ணுகிறது. உறங்கிய நேரத்தைக் கணக்கிடுகிறது. இதயத் துடிப்பைச் சொல்கிறது. பாங்கு நேரத்தில் அதிர்ந்து எழுப்புகிறது. கிப்லாவின் திசை காட்டுகிறது. இவை போதாவென்று, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடத் தனக்குத் தெரியும் என்கிறது. இந்த இறுதிக் கூற்றைப் பற்றித்தான் உங்களிடம் முதலில் பேச வேண்டும். ஏனெனில் அதனை நம்பி எங்கள் வீட்டில் ஓர் உயிர் ஊசலாடியது.

என் வாப்பாவுக்கு வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடு என்னும் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்பவர். ஆயினும் அறியாப் பருவம் கடந்த நாள் முதல் ரமளானில் ஒரு நோன்பையும் விட்டதில்லை என்பது அவர்களது பெருமை. விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கச் சொன்னால், "நோன்பு முறிஞ்சு போகும் புள்ளே" என்று கையை இழுத்துக்கொள்வார்கள். சோதனைக்காகச் சிறு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஊருக்கெல்லாம் பாடம் சொல்லும் மகளின் ஃபிக்ஹுப் பாடம், வீட்டில் தகப்பனாரிடம் செல்லுபடியாவதில்லை.

2024-ஆம் ஆண்டு ரமளானுக்குச் சற்று முன்னர் தம்பி ஊருக்கு வந்தபோது வாப்பாவுக்கென ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொண்டுவந்தான். அங்காடி ஒன்றில் மலிவாகக் கிடைத்ததாம். குத்தாமல், இரத்தம் சிந்தாமல், சர்க்கரையைச் சொல்லும் என்று அதன் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருந்தது. வாப்பாவுக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க இயலாது. அல்லாஹ் தமக்கெனவே இறக்கிய அருட்கொடையென அதனைக் கட்டிக்கொண்டார்கள்.

கடிகாரம் நாள்தோறும் 5.6 என்றோ 5.8 என்றோ காட்டியது. அந்த எண் எந்த அளவையில் அமைந்தது என்று எங்களில் எவரும் கேட்கவில்லை. மூன்று மாதச் சராசரிச் சோதனையில் 7-க்குக் கீழே இருந்தால் நலம் என்று மருத்துவர் முன்னொரு முறை சொல்லியிருந்ததை வாப்பா நினைவில் வைத்திருந்தார்கள். 5.8 என்றதும், நோயே விலகிவிட்டதாக எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் அது மில்லிமோல் என்னும் வேறோர் அளவை. அதனை 18-ஆல் பெருக்கினால்தான் நம் நாட்டுச் சோதனைக்கூடங்கள் தரும் மில்லிகிராம் கணக்கு கிடைக்கும். 5.8 என்பது ஏறத்தாழ 104. ஆனால் இந்தப் பெருக்கல் வாய்பாடும் வீண்தான். கடிகாரம் எதனையும் அளக்கவே இல்லையே!

பன்னிரண்டாம் நோன்பன்று அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா, திண்ணையிலேயே சாய்ந்துவிட்டார்கள். உடல் முழுதும் குளிர்ந்த வியர்வை. கைகள் நடுங்கின. கேட்ட கேள்விக்கு மாறான பதில். பதறியவளாக நான் ஓடிச் சென்றபோது, தம் மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார்கள். "5.7 காட்டுதும்மா, ஒண்ணுமில்லே" என்பதுதான் அவர்களது வாயிலிருந்து தெளிவாக வந்த ஒரே சொற்றொடர். அலமாரியில் தூசி படிந்து கிடந்த குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். 51! நோன்பாளியின் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது நீரிழிவு மருத்துவர்கள் ரமளானுக்கென வகுத்துள்ள விதி. 300-க்கு மேல் ஏறினாலும் அவ்வாறே. சர்க்கரை கரைத்த நீரைக் கட்டாயப்படுத்திப் புகட்டினேன். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் குத்திப் பார்த்தபோது எண் ஏறியிருந்தது. வாப்பா அழுதார்கள். உயிர் மீண்டதற்காக அன்று. நோன்பு போயிற்றே என்பதற்காக!

நோயாளி நோன்பை விடலாம் என்பது அல்லாஹ் தன் திருமறையில் தானே வழங்கிய சலுகை. அதனை ஏற்க மறுத்தது வாப்பாவின் பிடிவாதம். ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துச் சென்று மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்காதது என் கவனக்குறைவு. கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிறு காலியாக இருக்கும்போதும் அவை தம் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். பழியை எல்லாம் ஒரு கடிகாரத்தின் தலையில் ஏற்றிவிட நான் முனையவில்லை. ஆயினும் அந்தப் பொய் எண் இல்லாதிருந்தால், வாப்பா தம் உடல் சொன்னதையாவது கேட்டிருப்பார்கள்.

பின்னர்தான் ஒரு செய்தி தெரிய வந்தது. தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் ஸ்மார்ட் வாட்சுகளையும் மோதிரங்களையும் எவரும் நம்பிப் பயன்படுத்த வேண்டாம் என்றும், அத்தகைய எந்தக் கருவிக்கும் தான் அனுமதி அளித்ததில்லை என்றும், அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரி 21 அன்றே எச்சரித்திருந்தது. அந்த ரமளான் பிறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு! நாங்கள்தாம் அறியாதிருந்தோம். மேற்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு வில்லை ஒன்று உண்டு. அதன் நுண்ணிய இழை தோலுக்குள் இருந்து சர்க்கரையை இடைவிடாது அளக்கும். அந்த அளவைச் சில கடிகாரங்கள் வாங்கித் தம் முகப்பில் காட்டுவதுண்டு. அது வேறு, அங்கே அளப்பது வில்லை, கடிகாரம் வெறும் அறிவிப்புப் பலகை. வில்லையின்றிக் கடிகாரமே அளக்கிறது என்று ஒருவர் விற்றால், அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

எங்கள் மத்ரஸாவின் மாணவியர் குறும்புக்காரர்கள். நடந்ததைக் கேள்வியுற்ற மறுநாள், அந்தக் கடிகாரத்தைக் கேட்டு வாங்கிச் சமையலறையிலிருந்த ஒரு வாழைக்காயில் கட்டினார்கள். நாடித் துடிப்பு 74. இரத்த அழுத்தம் 118-க்கு 76. சர்க்கரை 5.7. "உஸ்தாதம்மா, வாழைக்காய் நம்மை விட ஆரோக்கியம்!" என்று அவர்கள் சிரித்த சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். ஆயினும் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நல்ல கடிகாரத்தை உயிரற்ற பொருளில் கட்டினாலும் சில வேளை நாடித் துடிப்பு காட்டும். காரணம், அது நாடியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளியைத் தோலின்மீது பாய்ச்சுகிறது. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சக்கூடியது. ஒவ்வொரு துடிப்பிலும் நாளங்களில் இரத்தம் மிகும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது, தணியும்போது கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைக் கணிக்கிறது. வாழைக்காயிலிருந்து திரும்பும் ஒளியின் தடுமாற்றத்தை அது துடிப்பென மயங்குவதில் வியப்பில்லை. வார் தளர்ந்திருந்தாலும், கை ஓயாது அசைந்தாலும் இதே மயக்கம் மனிதக் கையிலும் நேரும். துடிப்பைப் பொறுத்தவரை மயக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் வாழைக்காய்க்குச் சர்க்கரை அளவு சொன்னது மயக்கமன்று. முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட பொய்.

இரத்த அழுத்தத்திலும் இதே எச்சரிக்கை தேவை. சாம்சங் நிறுவனத்தின் சில கடிகாரங்களில் இந்த வசதி உண்டு. ஆனால் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற கைப்பட்டைக் கருவியால் அளந்து, அந்த எண்ணைக் கடிகாரத்துக்குக் கற்பித்து, 28 நாட்களுக்கு ஒரு முறை அதனைப் புதுப்பிக்க வேண்டும் என்று அந்நிறுவனமே நிபந்தனை விதிக்கிறது. ஹுவாவே நிறுவனத்தின் 'வாட்ச் டி' என்பதில் வாரினுள்ளேயே சிறு காற்றுப்பை ஊதி மணிக்கட்டை இறுக்கும். இவ்விரண்டுமின்றி, கட்டிய மறுகணமே அழுத்தம் சொல்லும் மலிவான கடிகாரத்தின் எண்ணை ஒரு பொருட்டாகவே கொள்ள வேண்டாம்.

இ.சி.ஜி. எடுக்கும் கடிகாரங்கள் மெய்யாகவே உள்ளன. 2018-இல் ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்துக்கு அமெரிக்காவில் அதற்கான அனுமதி கிடைத்தது. கடிகாரத்தின் அடிப்புறம் ஒரு கையையும், அதன் பக்கவாட்டுக் குமிழ் மறு கையின் விரலையும் தொட்டிருக்க, இதயத்தின் மின்னோட்டத்தை அது வரைந்து காட்டுகிறது. துடிப்பின் ஒழுங்கு குலையும் ஒரு வகைக் கோளாறை அறிய இது உதவும். ஆனால் மாரடைப்பை இதனால் கண்டறிய முடியாது என்று அந்நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

இனி, நம்மவர்கள் இக்கடிகாரத்தை விரும்பி வாங்கும் மற்றொரு காரணத்துக்கு வருவோம். தொழுகை நேரம்! வரலாறு படித்தவள் என்பதால் இவ்விடத்தில் சற்று விலகிச் செல்ல அனுமதி வேண்டுகிறேன். பள்ளிவாசலின் நேரத்தைக் கணித்துச் சொல்வதற்கென்றே முவக்கித் என்னும் வானியல் அறிஞரை நியமித்த சமுதாயம் நம்முடையது. டமாஸ்கஸின் உமையாப் பள்ளிவாசலில் அப்பணியை ஆற்றிய இப்னுஷ் ஷாத்திர், ஹிஜ்ரி 773-இல் அதன் மினாராவில் அமைத்த சூரியக் கடிகாரம் இன்றளவும் வானியல் வரலாற்றில் பேசப்படுகிறது. அவர் தம் ஊரின் வானத்தைப் பார்த்துத் தம் ஊருக்கு நேரம் கணித்தார். உங்கள் கடிகாரம் எந்த ஊரின் வழக்கப்படி கணிக்கிறது என்று ஒரு முறையாவது பார்த்திருக்கிறீர்களா?

சுபுஹு நேரம் என்பது, கதிரவன் தொடுவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. ராபிதா எனப்படும் உலக முஸ்லிம் லீக்கின் கணக்கில் 18 பாகை. எகிப்தியக் கணக்கில் 19.5. வட அமெரிக்காவில் வழங்கும் இஸ்னா கணக்கில் 15. ஒரு பாகைக்கு நம் பகுதியில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மிகுதி என்று கொண்டால், 18-க்கும் 15-க்கும் இடையே பன்னிரண்டு நிமிடத்துக்கும் கூடுதலான வேறுபாடு. இஸ்னா கணக்கு அமைந்த கடிகாரத்தை நம்பிச் சஹர் உணவு உண்பவர், ஊர்ப் பள்ளியில் சுபுஹு பாங்கு முழங்கி முடிந்த பின்னரும் உண்டுகொண்டிருப்பார். உம்முல் குரா என்னும் சவூதிக் கணக்கில், இஷா என்பது மஃரிபுக்குப் பின் 90 நிமிடம். ரமளானில் 120 நிமிடம். அஸர் நேரமோ மத்ஹபைப் பொறுத்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெரும்பான்மையோர் ஷாஃபிஈ மத்ஹபினர். ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் ஹனஃபி மத்ஹபினர். ஷாஃபிஈ வழியில் பொருளின் நிழல் அதன் உயர அளவுக்கு நீளும்போது அஸர். ஹனஃபி வழியில் இரு மடங்காகும்போது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஆதலால் வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள். கணிப்பு முறையையும் மத்ஹபையும் நாமே மாற்றியமைக்க முடியுமா? முடியாது என்றால், அதன் பாங்கு வெறும் ஓசைதான். மாற்ற முடிந்தாலும், உங்கள் ஜமாஅத்தின் நேர அட்டவணையோடு ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

கிப்லாவும் அவ்வாறே. சென்னையில் மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 18 பாகையும், காயல்பட்டினத்தில் 23 பாகைக்குச் சற்று மேலும் திரும்ப வேண்டும். கடிகாரத்தினுள் உள்ள காந்த உணரிக்கு, அருகிலிருக்கும் இரும்புக் கட்டிலும் பகை. காந்தப் பூட்டுள்ள அதன் சொந்த வாரும் பகை! பள்ளிவாசலின் மிஹ்ராப் இருக்கும் ஊரில் அதனைப் பின்பற்றுவதே அறிவு. பயணத்துக்கு மட்டும் கடிகாரம் துணையாகட்டும்.

ஒளூச் செய்யும்போது இறுக்கமாகக் கட்டிய வாரின் அடியில் நீர் புகாது. கழற்றிவிட்டோ நன்கு நகர்த்திவிட்டோ தோல் நனையக் கழுவுதல் வேண்டும். "இது நீர் புகாத கடிகாரம்தானே?" என்று ஒரு மாணவி கேட்டாள். கடிகாரத்துக்குள் புகாதது அதற்கு நல்லது. கடிகாரத்துக்கு அடியில் புகாதது நமக்குக் கேடு என்றேன். 5 ஏ.டி.எம். என்று எழுதியிருந்தால் ஐம்பது மீட்டர் ஆழத்தில் மூழ்கலாம் என்று பொருளல்ல. அசைவற்ற நீரில் அவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதே அதன் பொருள். சோப்பு நுரையும் வெந்நீரும் அதன் அடைப்பை நாளடைவில் அரிக்கும். ஒருநாள் உத்தரவாதச் சீட்டை எடுத்துப் படித்தால், நீரால் நேரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற வரி அதில் இருக்கக் காண்பீர்கள்.

ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்பதை அறிவீர்கள். ஆப்பிள் நிறுவனம் 2015-இல் முதன்முதலாகக் கடிகாரம் வெளியிட்டபோது, 18 காரட் தங்கத்தாலான ஒன்றைப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை வைத்து விற்றது. அடுத்த ஆண்டே அந்தத் தங்கக் கடிகாரம் நிறுத்தப்பட்டது. வாங்கியவர்களின் இலட்ச ரூபாய்கள் போனவைதாம். சாதாரணக் கடிகாரத்தின் பேட்டரியும் மூன்று நான்கு ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பசையிட்டு ஒட்டிய கூட்டைத் திறந்து மாற்றுவது எளிதன்று. எங்கள் வாப்பாவிடம் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கடிகாரம் ஒன்று இருக்கிறது. அந்தக் கடிகாரத் தொழிற்சாலையே 2016-இல் மூடப்பட்டுவிட்டது. கடிகாரம் இன்னும் ஓடுகிறது. புதியதை வாங்குகிறவர்கள் அத்தகைய ஆயுளை எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

கைப்பேசியோடு பொருந்துமா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஆப்பிள் கடிகாரம் ஐபோனோடு மட்டுமே இணையும். சாம்சங்கின் கேலக்ஸி வாட்சுகள், 2021-இல் வந்த நான்காம் வரிசை முதல் ஐபோனோடு இணையா. மருமகனுக்குச் சீதனமாக ஆப்பிள் கடிகாரம் வாங்கிக் கொடுத்து, அவரிடம் ஐபோன் இல்லாததால் அதனையும் வாங்கிக் கொடுக்க நேர்ந்த ஒரு தகப்பனாரை நான் அறிவேன். சீதனம் என்பதே நம் மார்க்கத்துக்குப் புறம்பானது. அதில் இப்படியும் ஒரு வட்டி! தமிழில் வரும் செய்திகளைச் சில மலிவான கடிகாரங்கள் கட்டம் கட்டமாகக் காட்டும். கடையிலேயே ஒரு தமிழ்ச் செய்தியை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். வெளிநாட்டில் வாங்கினால், அந்த நாட்டில் மட்டுமே உத்தரவாதம் செல்லும் என்ற நிபந்தனை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஸ்மார்ட் வாட்சுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. கடிகாரத்திலோ பெட்டியிலோ 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். அவ்வமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். தம்பி கொண்டுவந்த கடிகாரத்தில் அப்படி எந்த எண்ணும் இல்லை.

சகோதரிகளுக்கென ஒரு வார்த்தை. மாதாந்திர நாட்களை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் வசதி இக்கடிகாரங்களில் உண்டு. அது கடந்த மாதங்களின் சராசரியைக் கொண்டு சொல்லும் ஊகம். கடிகாரம் "இன்று தொடக்கம்" என்றதற்காகத் தொழுகையை விட்டுவிடுவதும், "முடிந்தது" என்றதற்காகக் குளித்துத் தொழத் தொடங்குவதும் கூடா. ஹைளுக்குரிய சட்டம் கண்ணால் காணும் நிலையைச் சார்ந்தது. மேலும், அந்த அந்தரங்கக் கணக்கு உங்கள் மணிக்கட்டோடு நிற்பதில்லை. கடிகாரத்தின் செயலி வழியே எங்கோ உள்ள கணினியில் சென்று சேர்கிறது. தாயிடம் கூடத் தயங்கித் தயங்கிச் சொல்லும் செய்தியை முகமறியா நிறுவனத்திடம் ஒப்படைக்குமுன், அச்செயலி எவற்றுக்கெல்லாம் அனுமதி கேட்கிறது என்று படியுங்கள். மணி காட்டும் கருவிக்கு உங்கள் தொலைபேசி எண்களின் பட்டியல் எதற்கு? பிள்ளைகளுக்கான கடிகாரங்களில், தொலைவிலிருந்து ஒட்டுக்கேட்கும் வசதி இருந்தவற்றை ஜெர்மனி 2017-இல் தடை செய்தது. ஆசிரியருக்கும் வகுப்பறைக்கும் தெரியாமல் பெற்றோர் பாடத்தை ஒட்டுக்கேட்டனர் என்பதும் அதற்கொரு காரணம். மத்ரஸா ஆசிரியை என்ற முறையில் அந்தத் தடையை நான் மனமார வரவேற்கிறேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது!

இத்தனையும் எழுதியதால் ஸ்மார்ட் வாட்சே வேண்டாம் என்பது என் கருத்தென எண்ணிவிடாதீர்கள். நம்பகமான ஒன்றை என் கணவர் கட்டியிருக்கிறார். நாள்தோறும் எத்தனை அடி நடந்தார் என்று அது காட்டுவதால், அஸருக்குப் பின் கடற்கரை வரை நடந்துவிட்டு வரும் பழக்கம் அவருக்கு உண்டாகியிருக்கிறது. நான் ஆண்டுக்கணக்கில் சொல்லியும் நடக்காத ஒன்று அது. தொழுகைக்கு நிற்குமுன் அதிர்வை அடக்கிவைக்கத்தான் இன்னும் அவ்வப்போது மறந்துவிடுகிறார்.

அடுத்த ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே வாப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர்களது வயதையும் நோயையும் கருதி நோன்பே வேண்டாம் என்றார் அவர். எங்கள் மத்ரஸாவின் தலைமை உஸ்தாத் வீட்டுக்கே வந்து, ஃபித்யாவின் சட்டத்தை வாப்பாவிடம் பொறுமையாக எடுத்துரைத்தார்கள். மகளின் சொல்லுக்கு இறங்காத மனம் தாடி நரைத்தவரின் சொல்லுக்கு இறங்கியது. அந்த மாதம் முழுதும் நாள் தவறாமல் ஓர் ஏழைக்கான உணவை வாப்பா தம் கையாலேயே எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குச் சென்றார்கள். மணிக்கட்டில் பழைய எச்.எம்.டி. கடிகாரம் இருந்தது.

தம்பி இந்த முறை விடுப்பில் வருமுன் தொலைபேசியில் கேட்டான். "வாப்பாவுக்கு என்ன கொண்டு வரட்டும், ராத்தா?" குளுக்கோமீட்டருக்கான ஸ்ட்ரிப் இரண்டு பெட்டி வாங்கி வா, காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கு என்றேன்.